எலும்புச் சீழும் ஃபாஜ் மருந்தும்: அரசு செய்ய வேண்டியது

2016 மார்ச் 22 காலை, பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் விமான நிலையத்தில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வெடித்தன. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மால்பேக் மெட்ரோ ரயில் நிலையத்தில் இன்னொன்று வெடித்தது. 32 பேர் உயிரிழந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவர் 30 வயதுப் பெண். தொடை எலும்பு உடைந்த நிலையில் கொண்டுவரப்பட்ட அவரை மருத்துவர்கள் பிழைக்கவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் நீண்ட துன்பம். உடைந்த இடத்தில் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா குடியேறியது. அது மருத்துவமனைகளிலேயே வளர்ந்து, கையிலிருக்கும் எந்த மருந்துக்கும் அடங்காத வகை.

எழுநூறு நாட்களுக்கு மேல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். புண் ஆறவில்லை, எலும்பும் சேரவில்லை. அந்தப் பெண்ணின் புண்ணிலிருந்து எடுத்த கிருமி, ஜார்ஜியா நாட்டின் திபிலிசி நகரில் உள்ள எலியாவா ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. அங்கே அந்தக் கிருமியைக் கொல்லும் 'ஃபாஜ்' என்ற வகை வைரஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே கிருமியின் மீதே திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொல்லும் திறனைக் கூட்டி அனுப்பினார்கள். அதைக் குழாய் வழியாகப் புண்ணுக்குள் செலுத்தினார்கள். கூடவே மெரோபெனம், கோலிஸ்டின், பிறகு செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஆகிய மருந்துகளும் தரப்பட்டன. புண் தேறியது, எலும்பு கூடியது. அந்தப் பெண் ஊன்றுகோலுடன் நடக்கிறார், சைக்கிளும் ஓட்டுகிறார் என்று 2022-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் அவருடைய மருத்துவர்கள் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரையில் என் மனத்தை அதிகம் தைத்தது அவர் குணமானதைவிட அவர் காத்திருந்த காலம்தான். ஃபாஜ் கொடுக்கலாமா என்ற யோசனை 2016-லேயே எழுந்துவிட்டது. அவர் உடலில் அது சேர்ந்ததோ 2018-இல். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் உண்டு என்பது நூறாண்டுப் பழைய செய்தி. பணமும் மருத்துவமும் நிறைந்த ஒரு நாட்டின் தலைநகரில், உலகமே கவலைப்பட்ட ஒரு நோயாளிக்கே இவ்வளவு தாமதம். அந்தத் தாமதத்துக்கான காரணங்களில் பல சோதனைச் சாலைக்கு வெளியே இருப்பவை. அவற்றை நீக்கும் அதிகாரம் அரசுகளின் கையில் இருக்கிறது.

எலும்பில் கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. பைக் விபத்தில் கால் முறிந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் சீழ் கட்டி, புரையோடி, மறுபடி திறந்து சுத்தம் செய்து, மறுபடியும் சீழ் வந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் கல்ச்சர் ரிப்போர்ட். இடப் பக்கம் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வலப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. செஃப்ட்ரையாக்சோன் ஆர், சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், அமிகாசின் ஆர், மெரோபெனம் ஆர். கண் கீழே இறங்க இறங்க ஆர். கடைசி வரியில் கோலிஸ்டினுக்கு நேரே ஓர் எஸ் இருந்தால் அதுவே பெரிய ஆறுதல். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பது தெரிந்தும் அதையே ஏற்றுவார்கள். அதுவும் கேட்காவிட்டால் "காலை எடுத்துவிட வேண்டியதுதான்" என்ற பேச்சு தொடங்கும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையிலும் இந்த ஆபத்து உண்டு. முதல் முறை முழங்கால் மூட்டையோ இடுப்பு மூட்டையோ மாற்றிக்கொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குக் கிருமித்தொற்று வருகிறது. இரண்டாம் முறை அறுவை என்றால் விகிதம் கூடுகிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் உலகெங்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மூட்டு மாற்றப்படுகிறது. தொற்று வந்தவருக்கு, வைத்த மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை இடைக்கால மூட்டாக வைத்து, மாதக் கணக்கில் காத்திருந்து, பிறகு புதிய மூட்டை வைப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. எழுபது வயதில் ஒருவர் இதை இரண்டு மூன்று முறை தாங்குவது எப்படி?

பாக்டீரியா இங்கே இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. எஃகு, டைட்டானியம் போன்ற உலோகப் பரப்பில் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அங்கே ஒட்டியதும் தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஓர் உயிர்ப்படலத்தைக் கட்டிக்கொள்கிறது. அதற்குள் இருக்கும் கிருமிகள் பெருகுவதை நிறுத்திவிட்டுக் கிட்டத்தட்ட உறங்குகின்றன. நம் மருந்துகளில் பெரும்பாலானவை பெருகும் கிருமியைக் கொல்பவை. உறங்கும் கிருமியை எழுப்பும் வழி அவற்றுக்குத் தெரியாது. படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, சாதாரண அளவைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். அந்த அளவை மனித உடல் தாங்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உருண்டையான அந்தக் கிருமி தன் உடலை நசுக்கிக்கொண்டு, எலும்புக்குள் ஓடும் மைக்ரானுக்கும் குறைவான அகலமுள்ள நுண்கால்வாய்களில் நுழைந்துகொள்வதை அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து 2017-இல் எழுதினார்கள். அறுவை மருத்துவரின் கத்தி அங்கே போகாது. எலும்புச் சீழ் பத்தாண்டு, இருபதாண்டு கழித்து மீண்டும் தலைகாட்டுவது ஏன் என்பதற்கு இது ஒரு விடை.

இந்த இடத்தில்தான் ஃபாஜ் வருகிறது. பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ் இது. மனித உயிரணுவுக்குள் புகுந்து பெருக அதனால் முடியாது. தனக்குரிய பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒட்டி, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தி, அரை மணி நேரம் போல அங்கே பெருகி, பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு பல பத்து, சில வேளை நூற்றுக்கணக்கான வைரஸ்களாக வெளியே வருகிறது. அவை அடுத்த கிருமியைத் தேடிப் போகின்றன. கிருமி இருக்கும்வரை மருந்தும் பெருகும், கிருமி தீர்ந்தால் மருந்தும் தீரும். சில ஃபாஜ்களிடம் பிசுபிசுப்புப் படலத்தையும் கிருமியின் மேலுறையையும் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன. நுண்ணுயிர்க்கொல்லி நுழையத் திணறும் இடத்தில் அவை வழி திறந்துவிடுகின்றன. குடலில் நமக்கு நன்மை செய்யும் கிருமிகளை ஃபாஜ் தொடுவதில்லை என்பதும் பெரிய வரம்.

வரத்தோடு ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தே வருகிறது. ஒரு ஃபாஜ் ஓர் இனத்தின் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. அந்த இனத்தின் சில வகைகளை மட்டுமே கொல்லும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். பார்க்கும் முறை எளிமையானது. நோயாளியின் கிருமியை ஊட்டக்கூழ் நிரம்பிய வட்டத் தட்டில் பரப்புவார்கள். கையிருப்பில் உள்ள ஃபாஜ்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, தட்டில் வரிசையாக வைத்து, இரவு முழுக்க உடல் வெப்ப அளவில் வைத்திருப்பார்கள். காலையில் தட்டு முழுவதும் கிருமி வெண்படலமாகப் படர்ந்திருக்கும். ஃபாஜ் வேலை செய்த இடத்தில் மட்டும் வட்டமாக ஒரு தெளிவு இருக்கும். தட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்த வட்டத்தின் வழியே எதிரே இருப்பது தெரியும். மற்றச் சொட்டுகள் விழுந்த இடத்தில் படலம் அப்படியே இருக்கும். இருபது சொட்டில் ஒன்றே ஒன்று தெளிந்தாலும் போதும், அந்த நோயாளிக்கு ஒரு வழி இருக்கிறது. ஒன்றும் தெளியாவிட்டால் சாக்கடையிலும் ஆற்றிலும் புதிய ஃபாஜைத் தேட வேண்டும். கிருமி எங்கே மிகுந்திருக்கிறதோ அங்கே அதன் ஃபாஜும் மிகுந்திருக்கும் என்பதால் மருத்துவமனைக் கழிவுநீரே இதற்குச் சிறந்த சுரங்கம்.

இந்தக் கதையில் இந்தியாவுக்குத் தொடக்கத்திலிருந்தே இடம் உண்டு. 1896-இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர், வடிகட்டிய கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சில மணி நேரத்தில் மடிவதையும், அதே நீரைக் கொதிக்கவைத்தால் அந்தத் தன்மை போய்விடுவதையும் எழுதிவைத்தார். அது ஃபாஜின் வேலையாகத்தான் இருக்கும் என்று இன்று பலர் கருதுகிறார்கள், மறுப்போரும் உண்டு. 1915-இல் லண்டனில் ஃபிரடெரிக் ட்வார்ட், 1917-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல் என இருவர் தனித்தனியாக இதைக் கண்டறிந்தார்கள். 1919-இல் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் கடும் சீதபேதியால் துவண்ட சிறுவனுக்குக் கொடுக்கும் முன், டெரெலும் உடனிருந்த மருத்துவர்களும் அதைத் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். 1927-இல் டெரெல் இந்தியாவுக்கு வந்து காலராவுக்கு ஃபாஜ் கொடுத்து ஆராய்ந்தார். அதன் தொடர்ச்சியாக, ஷில்லாங் பாஸ்டர் நிறுவனத்தின் மாரிசன், அசாமின் நவ்காங் மாவட்டத்தில் கிராமம் கிராமமாகக் காலரா ஃபாஜ் விநியோகிக்கச் செய்தார்.

பிறகு ஏன் மறைந்தது? கவனமில்லாமல் செய்த ஆய்வுகளும் அவசரமாகக் கடைக்கு வந்த தரமற்ற புட்டிகளும் முதல் காரணம். 1934-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஈட்டன், பெய்ன்-ஜோன்ஸ் இருவரும் எழுதிய மதிப்பீடு இந்த மருத்துவத்தின் மீதிருந்த நம்பிக்கையைக் குலைத்தது. பென்சிலின் வந்ததும் மேற்குலகம் ஃபாஜைக் கைகழுவியது. ஜார்ஜியா போன்ற சில இடங்களில் மட்டும் அது உயிரோடு இருந்தது. ஜார்ஜியாவில் அதைக் காத்தது டெரெலின் நண்பர் ஜார்ஜ் எலியாவா திபிலிசியில் நிறுவிய ஆய்வகம். எலியாவாவை 1937-இல் ஸ்டாலினின் ஆட்சி சுட்டுக் கொன்றது. ஆய்வகம் நிலைத்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு மின்சாரம் இல்லாத நாட்களில், குளிர்ப்பெட்டியில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த ஃபாஜ்களைக் காப்பாற்ற அங்கிருந்த விஞ்ஞானிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிரஸ்ஸல்ஸ் பெண்ணுக்குப் போன ஃபாஜ் அந்த நிறுவனத்திலிருந்து வந்தது என்பதை நினைத்தால், ஓர் அரசு நிறுவனம் ஏழ்மையிலும் கட்டிக்காத்த சேமிப்பு எவ்வளவு பெரியது என்பது புரியும்.

இனி எச்சரிக்கையோடு பேச வேண்டிய பகுதி. வெற்றிக் கதைகள் பல இருக்கின்றன. இஸ்ரேலில் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு நொறுங்கி, அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும் சேர்ந்து தாக்கிய 42 வயது ஆணின் கால் ஃபாஜாலும் நுண்ணுயிர்க்கொல்லியாலும் தப்பியதாக 2019-இல் அறிக்கை வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், செயற்கை முழங்கால் மூட்டில் கிளெப்சியெல்லா புகுந்து காலை எடுக்கும் நிலைக்கு வந்த 62 வயது நீரிழிவு நோயாளிக்கு, ரத்த நாளம் வழியாக 40 முறை ஃபாஜ் ஏற்றி, காலைக் காத்தார்கள். பிரான்சின் லியோன் நகரில் குவா-ரூஸ் மருத்துவமனையின் திரிஸ்தான் ஃபெரி குழுவினர், செயற்கை மூட்டைக் கழற்றாமல், மூட்டைத் திறந்து கழுவி, மூடும்போது ஃபாஜை உள்ளே விடும் முறையை முதியவர்களிடம் செய்து வருகிறார்கள். மூட்டைக் கழற்றி மாட்டும் இரட்டை அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்று!

ஆனால் இவை தனித்தனி நோயாளிகளின் கதைகள். தோற்றவர்களின் கதையை இதழ்களில் எழுதுவோர் குறைவு. இந்த நோயாளிகள் எல்லோருக்கும் அறுவையும் நடந்தது, நுண்ணுயிர்க்கொல்லியும் தரப்பட்டது. குணத்தில் ஃபாஜின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. இதுவரை கிடைத்த விரிவான தொகுப்பு, பிரஸ்ஸல்ஸின் ராணி ஆஸ்த்ரிட் ராணுவ மருத்துவமனையைச் சேர்ந்த ஜான்-பால் பிர்னே குழுவினர் 2024-இல் வெளியிட்டது. 12 நாடுகளில் 35 மருத்துவமனைகளில், வரிசையாக வந்த 100 நோயாளிகளில் ஒருவரையும் விடாமல் கணக்கில் எடுத்தார்கள். அதுதான் அதன் சிறப்பு. 77.2 சதவீதத்தினரின் உடல்நிலை தேறியது, 61.3 சதவீதத்தினரிடம் குறிவைத்த கிருமி ஒழிந்தது. நுண்ணுயிர்க்கொல்லி சேராமல் ஃபாஜ் மட்டும் கொடுத்தவர்களிடம் கிருமி ஒழியும் வாய்ப்பு 70 சதவீதம் குறைந்தது. சோதித்துப் பார்த்த 16 பேரில் 7 பேரின் கிருமி ஃபாஜையும் எதிர்க்கக் கற்றுக்கொண்டது. இதிலும் ஃபாஜ் பெறாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. ஆனாலும் இந்த நூறு பேரும் வேறு வழி ஏறத்தாழ அடைபட்டபின் வந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

முறையான பரிசோதனைகளில் சறுக்கல்களும் உண்டு. தீக்காயத்துக்காக ஐரோப்பாவில் நடந்த 'ஃபாகோபர்ன்' பரிசோதனையில், ஒரு மில்லி லிட்டரில் பத்து லட்சம் ஃபாஜ் இருக்க வேண்டிய மருந்து, நோயாளியின் தோலைச் சேரும்போது நூறு அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. குப்பியில் இருக்கும்போதே ஃபாஜ்கள் செயலிழந்திருந்தன. வழக்கமான களிம்பே வென்றது. அந்தத் தோல்வி ஃபாஜால் பயனில்லை என்று காட்டவில்லை. தயாரிப்பும் சேமிப்பும் தவறினால் பயனில்லை என்று காட்டியது. எலும்பைப் பொறுத்தவரை நம்பிக்கை தரும் ஒரு செய்தி 2025-இல் வந்தது. நீரிழிவால் பாதம் புண்ணாகி எலும்பிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஏறியவர்களிடம் பயோம்எக்ஸ் என்ற நிறுவனம் நடத்திய இரண்டாம் கட்டப் பரிசோதனையில், போலி மருந்து பெற்றவர்களைவிட ஃபாஜ் பெற்றவர்களின் புண் கூடுதலாகச் சுருங்கியது. பங்கேற்றவர்கள் 41 பேர்தான். முடிவை அறிவித்ததும் மருந்தை விற்கப்போகும் நிறுவனமே. இருந்தாலும், எலும்பு வரை போன பாதப்புண்ணில் ஃபாஜைச் சீரான ஒப்பீட்டோடு சோதித்துப் பார்த்தது முக்கியமான அடி.

இத்தனை இருந்தும் ஏன் ஃபாஜ் மருத்துவமனைக்குள் வரவில்லை என்றால், நம் காலத்து மருந்துச் சட்டங்கள் மாத்திரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரே கலவை, ஒரே தொழிற்சாலை, லட்சம் நோயாளிகளுக்கு ஒரே பொருள், அதை ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த தரவு. ஃபாஜ் இந்த அச்சில் அடங்காது. இன்றைய நோயாளிக்குப் பொருந்தும் ஃபாஜ் நாளைய நோயாளிக்குப் பொருந்தாமல் போகலாம். சிகிச்சையின் நடுவிலேயே கிருமி மாறினால் ஃபாஜையும் மாற்ற வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய மருந்து என்று சொல்லிப் புதிய அனுமதி கேட்டால் நோயாளி காத்திருக்க மாட்டார். சந்தையும் உதவாது. இயற்கையில் கிடைக்கும் ஃபாஜுக்குக் காப்புரிமை பெறுவது கடினம். ஒருவருக்குச் சில வாரங்கள் மட்டும் தேவைப்படும் பொருளில் லாபமும் சொற்பம். மூட்டுத் தொற்றுக்கான ஃபாஜில் பிரான்சில் முன்னணியில் நின்ற ஃபாக்சியம் நிறுவனமே 2025-இல் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது.

பெல்ஜியம் இந்த முடிச்சை அவிழ்த்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாக ஒரு பெரிய சட்டம் போடவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, அந்த நோயாளிக்கென்றே மருந்தாளுநர் கலந்து கொடுக்கும் மருந்து என்று ஒரு பழைய பிரிவு அங்கே இருந்தது. நம் அரசு மருத்துவமனைகளில் கம்பவுண்டர் சீட்டைப் பார்த்து மிக்சர் கலந்து, புட்டியில் அளவுக்கோடு ஒட்டிக் கொடுத்தாரே, அதே முறை. ஃபாஜையும் அந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். கலப்பதற்கு எடுக்கும் ஒவ்வொரு ஃபாஜுக்கும் ஒரு தர ஏடு உண்டு. அதன் மரபு வரிசை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். நச்சு மரபணுவோ மருந்தை எதிர்க்கும் மரபணுவோ இருக்கக் கூடாது. பாக்டீரியாவுக்குள் பதுங்கிக்கொள்ளும் வகையாக இல்லாமல் கொல்லும் வகையாகவே இருக்க வேண்டும். கிருமி உடையும்போது வெளிவரும் நச்சுப்பொருள் வரம்புக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் சியன்சானோ என்ற அரசுப் பொது சுகாதார நிறுவனம் சோதித்துச் சான்று தரும். அதன் பிறகு எந்த நோயாளிக்கு எதைக் கலப்பது என்பது மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் உரியது. 2018 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பொருளின் தரத்தை அரசு உறுதி செய்கிறது, பொருத்தத்தை மருத்துவர் முடிவு செய்கிறார். இதைவிடத் தெளிவான பிரிவினை எனக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய மருந்துத் தரநூலிலும் இப்போது ஃபாஜுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்துவிட்டது.

இந்தியாவின் நிலை என்ன? மருந்துக்கு அடங்காத கிருமிகளில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல. மெரோபெனத்தையே முறிக்கும் என்டிஎம்-1 நொதி இங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்ன 2010-ஆம் ஆண்டு லான்செட் ஆய்வில், சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அப்போது அரசு கோபப்பட்டது. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்', சீட்டில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி விற்பதைத் தடுக்கும் எச்1 பட்டியலுக்கு உந்துதலாக இருந்தது. கிருமியின் பக்கம் இவ்வளவு நடந்திருக்கிறது. மருந்தின் பக்கம், அனுமதி பெற்ற ஒரு ஃபாஜ் மருந்துகூட நம்மிடம் இல்லை.

ஆய்வு இல்லை என்று சொல்ல முடியாது. வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கோபால் நாத் குழுவினர் பல ஆண்டுகளாக ஃபாஜில் உழைக்கிறார்கள். முயல்களின் தொடை எலும்பில் மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸை ஏற்றி, எலும்புச் சீழை உண்டாக்கி, ஃபாஜ் கலவையால் அதைக் குணப்படுத்தியதை 2016-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். பிறகு ஆறாத புண்ணுள்ள 20 பேருக்கு ஃபாஜ் இட்டு, மூன்று முதல் ஐந்து முறைக்குள் புண்ணில் கிருமி நீங்கியதாக 2019-இல் வெளியிட்டார்கள். வேலூர் விஐடியில் ஃபாஜுக்கென்றே ஓர் ஆய்வகம் இயங்குகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிரான ஃபாஜ்களைப் பிரித்தெடுத்து ஆராய்கிறார்கள். பெங்களூரின் கங்காஜென், ஃபாஜின் நொதியை வைத்து மருந்து செய்ய இருபதாண்டுகளுக்கு மேலாக முயல்கிறது. ஆய்வகத்தின் குளிர்ப்பெட்டியில் ஃபாஜ் இருக்கிறது. எலும்பு வார்டில் நோயாளி இருக்கிறார். நடுவில் பாதை இல்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகள் மாத்திரையின் அச்சிலேயே எழுதப்பட்டவை. அதனால் வசதியுள்ளவர்கள் திபிலிசிக்கு விமானம் ஏறுகிறார்கள். வசதியில்லாதவர் காலை இழக்கிறார். விபத்தில் சிக்கும் கூலித் தொழிலாளிக்கும் டெலிவரி வேலை செய்யும் இளைஞருக்கும் கால்தான் பிழைப்பு. இது எனக்குப் பொறுக்கவில்லை.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு பெல்ஜியத்தின் முறையை ஒட்டி ஒரு பிரிவை உண்டாக்க வேண்டும். இதற்குப் பத்தாண்டு தேவையில்லை. ஃபாஜைத் தயாரித்துச் சேமித்துவைக்கும் வங்கி தனியார் கையில் இல்லாமல் அரசின் கையில் இருக்க வேண்டும். லாபம் இல்லாததால் தனியார் விட்டுவிட்டுப் போகும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி. தமிழகத்தில் இதற்கென்றே அமைந்தது போல கிண்டி கிங் நிறுவனம் இருக்கிறது. 1899-இல் தொடங்கி, தடுப்பூசியும் நச்சுமுறிவு மருந்தும் தயாரித்த நிறுவனம் அது. உயிருள்ள பொருளைத் தூய்மையாகத் தயாரிப்பதும் தொகுதி தொகுதியாகச் சோதிப்பதும் அதன் பிறவிப் பணி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு வார்டுகளில் கழுவி எடுக்கும் சீழிலிருந்து கிடைக்கும் கிருமிகளை இன்று ரிப்போர்ட் எழுதியதும் அழித்துவிடுகிறோம். அவற்றைச் சேர்த்துவைத்தாலே, எந்தெந்த ஃபாஜ் நமக்குத் தேவை என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மூட்டு மாற்றுக்குப் பணம் தருகிறது. அந்த மூட்டில் வரும் தொற்றைத் தீர்ப்பதற்கும் அதே திட்டத்தில் இடம் கேட்பது நியாயமானதே.

அவசரக்காரர்களையும் தடுக்க வேண்டும். 'பக்கவிளைவே இல்லாத வைரஸ் மருத்துவம்' என்று விளம்பரம் போட்டு, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, புட்டியில் எதையோ ஊற்றிக் கொடுப்பவர்கள் வந்துவிடுவார்கள். 1930-களில் ஃபாஜின் பெயர் கெட்டது இப்படித்தான். எனவே தொடக்கத்தில் சில அரசு மருத்துவமனைகளில் மட்டும், எலும்பு அறுவை மருத்துவர், தொற்றுநோய் மருத்துவர், நுண்ணுயிரியலாளர் மூவரும் சேர்ந்து எடுக்கும் முடிவின் பேரில், நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, வேறு வழி அடைபட்டவர்களுக்கு இதைக் கொடுக்கலாம். அறுவையும் நுண்ணுயிர்க்கொல்லியும் கூடவே நடக்க வேண்டும். ஃபாஜ் அவற்றுக்குப் பதிலாக வரக் கூடாது. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரின் விவரமும், பெயர் மறைத்து, ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். என்ன கிருமி, எந்த ஃபாஜ், எத்தனை முறை, ஓராண்டு கழித்து எலும்பு எப்படி இருக்கிறது, காலை எடுக்க நேர்ந்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பலன் தராமல் போன சிகிச்சைகளையும் விடாமல் எழுத வேண்டும். வேலூரிலும் வாரணாசியிலும் இருக்கும் ஆய்வாளர்களுக்கு அந்தப் பதிவேட்டைத் திறந்துவிட வேண்டும். முறையான ஒப்பீட்டுப் பரிசோதனையை வடிவமைக்க அவர்களுக்குத் தேவைப்படும் முதல் தரவு அதிலிருந்துதான் கிடைக்கும்.